ஒரிஜினல் கட்டை

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசை ஊர்ந்து போகும் வழியில் லாரிகளை எடை போடும் மேடை ஒன்று இருக்கிறது. மேடைக்குப் பக்கத்தில் தகரமும் கண்ணாடியுமாக ஒரு கூண்டு. அதற்குள் உட்கார்ந்து மைக்கில் வண்டி நம்பரைக் கூப்பிடுவதுதான் என் பிழைப்பு.

நம்பரைக் கூப்பிட்டால் வண்டி மேடைமேல் ஏற வேண்டும். ஏறாது. டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார், இல்லாவிட்டால் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். மறுபடி கூப்பிட வேண்டும். பின்னால் நிற்பவர் ஹாரனை அமுக்குவார், அவரையும் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும். சாயங்காலம் இறங்கி முகத்தைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாகிவிடும். நிலக்கரித் தூசி. முகத்தில் படிந்ததைத் துடைத்துவிடலாம், தொண்டைக்குள் போனதை என்ன செய்வது?

இது வார நாட்களில். சனி ஞாயிறு வந்தால் நான் வேறு ஆள். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரைக்கும், சில சமயம் மீஞ்சூர், மாதவரம் என்று கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காதுகுத்து எல்லாவற்றுக்கும் போகும் மெல்லிசைக் குழு ஒன்றில் நான் பாடகி. பேனரில் என் படத்துக்குக் கீழே "அச்சு அசல் குரல்" என்று போட்டிருப்பார்கள். யாருடைய குரலுக்கு அச்சு அசல் என்பதை இங்கே சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் ரேடியோ கேட்ட எல்லோருக்கும் தெரிந்த, மெல்லிய, உச்சத்தில் மின்னுகிற குரல்.

என் சொந்தக் குரல் அப்படி இல்லை. தடித்த குரல். போனை எடுத்து ஹலோ என்றால் எதிர்முனையில் இருப்பவர்கள் இன்றைக்கும் "சொல்லுங்க சார்" என்கிறார்கள். சின்ன வயதில் தெருவில் என்னை "ஆம்பள கொரலு" என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் பாட வேண்டும் என்ற ஆசை வந்தபோது இந்தக் குரலால் பாடலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தொண்டையை இறுக்கி, வயிற்றை உள்ளே இழுத்து, சத்தத்தை மூக்குக்கு மேலே ஏற்றி, அந்தப் பாடகி அம்மாவின் குரலை எனக்குள் செய்துகொண்டேன். அவர் மூச்சு வாங்கும் இடத்தில்தான் நானும் வாங்குவேன். அவர் சிரிக்கிற இடத்தில் அதே அளவு சிரிப்பு, விசும்புகிற இடத்தில் அதே அளவு விசும்பல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

குழுவை நடத்தியவரை எல்லோரும் அண்ணன் என்போம். பகலில் துறைமுகத்தில் வேலை, மாலையில் மேடை. ஆண் குரல் பாட்டெல்லாம் அவர்தான். அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. ரெக்கார்டில் பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதே சுருதியில் மேடையிலும் பாட வேண்டும். சுருதியை எங்கள் பக்கம் கட்டை என்போம். மற்ற குழுக்கள் பாடகருக்கு எட்டாவிட்டால் கட்டையை இறக்கிக்கொள்வார்கள். அதில் ஒரு பாவமும் இல்லை. ஆனால் வடசென்னையில் கூட்டத்துக்குக் காது பொல்லாதது. கட்டை இறங்கியது தெரிந்தால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "இன்னா மாமு, பேட்டரி வீக்கா?" அதோடு அந்தக் குழுவின் மானம் போய்விடும்.

"ரெக்கார்டு எந்தக் கட்டைல கீதோ, நாமளும் அந்தக் கட்டைலதான்" என்பார் அண்ணன். "எறக்கிப் பாடறதுக்கு இன்னாத்துக்கு மேடை? வூட்ல குந்திகினு பஜனை பாடிக்க வேண்டியதுதான்."

என்னை மேடைக்குக் கூப்பிடும்போது, "கண்ண மூடிக்கினு கேளுங்க. ரெக்கார்டு ஓடுதா, எங்க தங்கச்சி பாடுதான்னு நீங்களே சொல்லுங்க" என்பார். கூட்டம் கண்ணை மூடாது, விசில்தான் அடிக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. பொய் சொல்வானேன்.

ஒருநாள் கூண்டுக்கு வெளியே எடைச் சீட்டுக்காகக் காத்திருந்த டிரைவர் ஒருவர் போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்த பாட்டு. ரெக்கார்டுதான் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டே சீட்டை நீட்டினேன்.

"இன்னாக்கா, தெரீலயா? நீ பாடனதுதான். போன ஆடி மாசம் எங்க கோயில்ல பாடனியே" என்றார்.

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு என்னவோ போல் இருந்தது. பெற்ற பிள்ளையை வேறு யாரோ காட்டி, இது உன்னுடையது என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அதற்கப்புறம் வந்த ஆடி மாதத்தில்தான் தொண்டை மக்கர் செய்ய ஆரம்பித்தது. கூழ் ஊற்றும் திருவிழாக்கள் அடுத்தடுத்து வரும் மாதம். பகலில் தூசியில் கத்தல், மாலையில் மேடையில் உச்சம். முதலில் கரகரப்பு, பிறகு வலி, பிறகு ஒரு ரிசப்ஷனில் பல்லவி முடிந்து சரணத்துக்கு ஏறும்போது சத்தமே இல்லை. வாய் திறந்திருக்கிறது, காற்று மட்டும் வருகிறது. கீபோர்டு வாசிக்கிறவர் சமாளித்து அந்த வரியை வாசித்தே ஒப்பேற்றினார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண்ணைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் சின்னதாக முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். சில வாரம் பேசவே கூடாது, அப்புறம் பேச்சுப் பயிற்சிக்கு வர வேண்டும், திரும்பவும் இதே மாதிரி கத்தினால் பேசுகிற குரலுக்கே உத்தரவாதம் இல்லை என்றார். எனக்குக் குரல்தான் சோறு. பாட்டை விடுங்கள், நம்பர் கூப்பிட முடியாவிட்டால் கூண்டில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள்.

அந்த வாரங்களில் வண்டிகளை விசில் ஊதிக் கூப்பிட்டேன். "அக்கா டிராபிக் போலீஸ் ஆயிடுச்சு, லைசென்ஸ எட்து வெச்சிக்கங்க" என்று கேலி பேசினார்கள். வீட்டில் என் கணவர், "அமைதியாத்தான் கீது வூடு" என்றார். அவருக்கு அந்த அமைதி பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். எனக்குத்தான் தாங்கவில்லை. சாப்பிடவும் தூங்கவும் மட்டும் தெரிந்த ஜீவன் மாதிரி நாட்கள் போயின.

பேச்சுப் பயிற்சி கொடுத்தது என்னைவிட வயதில் ரொம்பச் சின்னப் பெண். தெற்குப் பக்கத்துப் பேச்சு, மரியாதையான பிள்ளை. முதல் நாள் என் கதையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்ப மெதுவா ஒரு பாட்டு பாடுங்களேன்" என்றது.

"யார் குரல்ல பாடட்டும்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "உங்க குரல்லதாங்க."

"அது என்கிட்ட இல்லையேம்மா" என்றேன். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிறகு, வேலையில் எப்படி நம்பர் கூப்பிடுவேனோ அப்படிக் கூப்பிடச் சொன்னது. கூப்பிட்டேன். கத்தாமல் கூப்பிடச் சொன்னது. கூப்பிட்டேன். கடைசி எண்ணைக் கொஞ்சம் இழுக்கச் சொன்னது. இழுத்தேன். "இதாங்க உங்க இடம். இங்கேருந்து பாடுங்க" என்றது. என் மேடைக் குரலுக்கும் அந்த இடத்துக்கும் நாலைந்து படி இறக்கம். அங்கே யாராவது பாடுவார்களா என்றுகூட நான் யோசித்ததில்லை. வண்டிக்காரர்களைத் திட்டுகிற இடம் அது.

பயிற்சி என்று அந்தப் பெண் கொடுத்ததெல்லாம் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி வர ஊதிக்கொண்டே ஊ என்று இழுக்க வேண்டும். கூண்டில் வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே அதைச் செய்வேன். "இன்னாக்கா, ஜூஸ குடிக்காம ஊதிகினு கீற?" என்று கண்ணாடியைத் தட்டுவார்கள். உதட்டை மூடிக்கொண்டு ம்ம் என்று முனக வேண்டும், யாராவது ஒரு விஷயம் சொன்னால் ஆமாம் போடுவோமே, அந்த ம்ம். அதிலிருந்து வாயைத் திறந்து சொல்லுக்குப் போக வேண்டும்.

அதைவிடக் கஷ்டமானது அடுத்தது. பாடுவதற்கு முன்னால் வரிகளை வெறுமனே பேச வேண்டும், எதிரில் இருக்கிற ஆளிடம் சொல்வது மாதிரி. பழைய சினிமாப் பாட்டு ஒன்று. அண்ணனுக்கு உயிரான பாட்டு, எல்லாக் கச்சேரியிலும் என்னைப் பாட வைப்பார். ஒரு பெண் வெளியூர் போகிற கணவனிடம், போகாதே என்று சொல்ல வாய் வராமல், வேறு என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்கும் பாட்டு. எத்தனையோ மேடையில் அதைப் பாடியிருக்கிறேன். பேசிப் பார்த்த அன்றுதான் அவள் என்ன சொல்கிறாள் என்பது என் காதில் விழுந்தது. அதுவரைக்கும் எந்த இடத்தில் கமகம், எந்த இடத்தில் மூச்சு என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மூச்சும் தகராறு செய்தது. அந்த அம்மாவின் மூச்சு என் உடம்பில் பழகிப்போயிருந்தது. சொல் பாதியில் நிற்கும்போது என் நெஞ்சு தானாக ஏறும். என் மூச்சு எங்கே வரும் என்று எனக்கே தெரியவில்லை. "வர்ற இடத்துல வரட்டும்ங்க, பயப்படாதீங்க" என்றது அந்தப் பெண். சொல்வது சுலபம். நான் வியர்த்துப்போய் வீடு திரும்புவேன், ஏதோ மூட்டை தூக்கியவள் மாதிரி.

மாதங்கள் போயின. வந்து சேர்ந்த குரல் அழகு இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மினுக்கு இல்லை, மேலே போனால் மண்ணைக் கிளறுவது மாதிரி ஒரு சொரசொரப்பு. ஆனால் வலிக்கவில்லை. பாடி முடித்த பிறகு தண்ணீர் தேட வேண்டியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் கூண்டில் அந்தப் பாட்டை என் இடத்தில் வைத்துப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். வெயிலில் நின்றிருந்த மொத்த வரிசைக்கும் கேட்டிருக்கிறது. எடை மேடைக்கு வந்த டிரைவர் சீட்டை வாங்கிக்கொண்டு, "யாருக்கா பாடனது? ரேடியோவா?" என்றார்.

எனக்கு மானம் போயிற்று. "நான்தான். மறந்து வெச்சிட்டேன், போ" என்றேன்.

"நீயா?" அவர் வண்டியில் ஏறப் போனவர் நின்றார். "மெய்யாலுமே நீ பேசற மாதிரியே கீதுக்கா."

அவ்வளவுதான் சொன்னார். நல்லா இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். ஆனால் அன்று சாயங்காலமே நேராக அண்ணன் வீட்டுக்குப் போகும் தைரியம் அதில்தான் வந்தது.

அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டையை இறக்கினால் நான் மறுபடி பாடுகிறேன் என்றேன். பாடியும் காட்டினேன். முழுக்கக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தங்கச்சி, நல்லா ரெஸ்ட் எடு. ஒடம்பு சரியாகட்டும்" என்றார்.

"சரியாயிடுச்சுண்ணே. இதான் இனிமே."

"அப்ப இன்னா பண்றது சொல்லு. ஜனங்க உன்ன வந்தா கேக்குது? ரெக்கார்ட கேக்குது."

அடுத்த மாதம் பேனரில் வேறு பெண்ணின் படம் வந்தது. அதே "அச்சு அசல் குரல்" வாசகம்தான், எழுத்துக்கூட மாறவில்லை. நல்ல பெண், உச்சத்தில் சுத்தமாக நிற்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அண்ணன்மேல் இருந்தது. சனி ஞாயிறுகளில் துணி துவைத்தேன், தூங்கினேன். எங்காவது தூரத்தில் கச்சேரிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தினேன். பாடாமல் போனது வருத்தமா, களைப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

அண்ணன் போய்விட்டார் என்று ஒரு காலையில் போன் வந்தது. மார்வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. எடுக்கும்போது போனேன், கூட்டத்தில் நின்றேன், வந்தேன். பிறகு அண்ணி கூப்பிட்டார், அண்ணனின் மனைவி. குழு விஷயத்தில் தலையிடாதவர், கச்சேரிக்குக்கூட வரமாட்டார்.

"பதினாறாம் நாளு படத்தறப்பு வெச்சிகீறோம். அவரு உசுரா நெனச்ச அந்தப் பாட்ட நீதான் பாடணும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் மேடைக்காரர் ஒருவர் செத்துப்போனால் படத்திறப்பு அன்று குழுக்கள் வந்து அவருக்காகப் பாடும். கூலி கிடையாது. ராயபுரத்தில் அவர் தெருவிலேயே ஷாமியானா போட்டிருந்தார்கள். காலை வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாக் குழுக்காரர்களும் வந்திருந்தார்கள், அவர் பஜனை என்று கிண்டல் செய்தவர்களும்தான். படத்துக்கு ரோஜா மாலை. மைக்கைப் பிடித்து நிற்கிற பழைய படம்.

என் முறை வந்தது. கீபோர்டுக்காரரிடம் போய்க் கட்டையை இறக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். சுருதியை மாற்றுகிற பட்டன் மேல் அண்ணன் தன் கையால் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார், யாரும் தெரியாமல்கூடத் தொடக்கூடாது என்று. அழுக்கேறி அது அப்படியே இருந்தது.

"அக்கா, இன்னிக்கு ஒரு தபா" என்றார் கெஞ்சலாக. "அண்ணனுக்காக. ஒரிஜினல் கட்டைல."

செத்த மனிதருக்குச் செய்கிற மரியாதை. மறுத்தால் இந்தக் கூட்டம் என்ன நினைக்கும்? ஒரே ஒரு பாட்டுத்தானே, இழுத்துப் பிடித்துப் பாடிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. டாக்டர் சொன்னதும் ஞாபகம் வந்தது. அதற்குள் கீபோர்டுக்காரர் முன்னிசையை வாசிக்க ஆரம்பித்துவிட்டார், உச்சத்தில். நான் எடுக்க வேண்டிய இடம் வந்தது. எடுக்கவில்லை. அவர் மறுபடி சுற்றி வந்து வாசித்தார். மறுபடியும் எடுக்கவில்லை. கூட்டம் நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டது.

மைக்கிலேயே சொன்னேன்: "எறக்குங்க. எனக்கு எட்டாது."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். கீபோர்டுக்காரர் படத்தை ஒரு தடவை பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அண்ணி சரி என்று தலையை ஆட்டினார். கீபோர்டுக்காரர் பிளாஸ்திரியை நகத்தால் பிய்த்தார். அது சீக்கிரத்தில் வரவில்லை.

பாடினேன். பேசுகிற இடத்திலிருந்து பாடினேன். போகாதே என்று சொல்ல முடியாத பெண் சொல்கிற வரிகளை, அந்தப் படத்தைப் பார்த்து, சொல்வது மாதிரியே சொன்னேன். மூச்சு எனக்கு வந்த இடத்தில் வந்தது. இரண்டாவது சரணத்தில் குரல் ஓர் இடத்தில் உடைந்தது, விட்டுவிட்டேன். யாரும் விசில் அடிக்கவில்லை. பேட்டரி பற்றி யாரும் கேட்கவில்லை. கைதட்டவும் இல்லை. புதுப் பாடகிப் பெண் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் மைக்கை அடுத்தவரிடம் கொடுத்தேன். நன்றாகப் பாடினேனா என்று எனக்குத் தெரியவில்லை. நெஞ்சு காலியாக இருந்தது, அசதியாக இருந்தது, தொண்டை வலிக்கவில்லை.

துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணி பின்னால் வந்து கையைப் பிடித்தார்.

"அவரு இந்தப் பாட்ட வூட்ல இப்டித்தாம்மா பாடுவாரு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "எப்டி?"

"நீ இப்ப பாடனியே, அப்டி. கட்டைய எறக்கி. காத்தால சேவிங் பண்ணிக்கினு, பேசற மாதிரியே. மைக்க புட்ச்சாதான் அந்த கத்தல்லாம். நீ வாசல்ல வந்து பாடிக் காட்டன அன்னிக்கும் உள்ள வந்து கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு பாடிகினே இருந்தாரு. இது நல்லா கீது, அந்தப் பொண்ணு பாடனது நல்லா கீதுன்னாரு. வெளில சொல்லிடாதடீ, மானம் போய்டும்னாரு."

அண்ணி அழுதார். நானும் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கு வந்தது கோபம். என் தொண்டை முடிச்சும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்த சனி ஞாயிறுகளும், ஒன்றுவிடாமல் நெஞ்சில் ஏறி வந்தன. செருப்பை விட்டுவிட்டு உள்ளே திரும்பி நடந்தேன். துக்க வீடு, நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் மறந்து, மாலை போட்ட அந்தப் படத்துக்கு நேரே நின்று, வண்டிக்காரர்களைக் கேட்கிற அதே குரலில் கேட்டேன்:

"ஏண்ணே, அத்த எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?"